ஸ்டோரேஜ் புரொடெக்ட்: ரெக்கவரி லாக் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் பேக்கப் சர்வர் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. திடீரென்று ஒருநாள் அதில் ஓடும் பேக்கப் மென்பொருளான ஐபிஎம் ஸ்டோரேஜ் புரொடெக்ட் நின்றுபோயிருக்கும். பேக்கப் டிஸ்கில் தாராளமாக இடம் இருக்கும், லாக்கில்தான் இருக்காது. அந்தப் பொறுப்பு புதிதாகத் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரெக்கவரி லாக் என்பது சர்வரின் டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு; அதில் ஆக்டிவ், ஆர்கைவ் என்று இரண்டு பகுதிகள். நடந்துகொண்டிருக்கும் வேலைகள் ஆக்டிவ் லாக்கில் பதிவாகும். நிறைந்த லாக் ஃபைல்கள் ஆர்கைவ் லாக்குக்குப் போகும். ஆர்கைவ் டிஸ்க் நிரம்பி, மாற்று இடமும் இல்லையென்றால் ஃபைல்கள் ஆக்டிவ் பக்கமே தேங்கும். அதுவும் நிரம்பினால் சர்வர் நின்றுவிடும்.

படி 1: அட்மின் விண்டோவில் 'கொயரி லாக் ஃபார்மட்=டீடெய்ல்டு' கொடுங்கள். ஆக்டிவ் லாக்கின் மொத்த இடம், பயன்படுத்தியது, மிச்சம் எல்லாம் எம்பியில் வரும். அதற்குக் கீழே ஆர்கைவ் லாக் எந்த டைரக்டரியில் இருக்கிறது, அந்த டிஸ்கில் எவ்வளவு காலி என்றும் இருக்கும். பலரும் மேல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். கீழே உள்ளதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 2: ஆர்கைவ் நிரம்பியிருந்தால் டேட்டாபேஸை முழுசாக பேக்கப் எடுங்கள்: 'பேக்கப் டிபி', டிவைஸ் கிளாஸ் (பேக்கப் போய்ச் சேரும் சாதன வகை) பெயர், 'டைப்=ஃபுல்'. இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும்) எடுத்தால் ஆர்கைவ் காலியாகாது, ஃபுல்தான் வேண்டும். தயவுசெய்து லாக் ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள். டேட்டாபேஸை மீட்க அவைதான் ஆதாரம். 'ஆர்க்லாக்யூஸ்டுத்ரெஷோல்டு' என்ற ஆப்ஷன், வழக்கமாக ஆர்கைவ் 80 சதவீதம் நிரம்பியதும் டேட்டாபேஸ் பேக்கப்பைத் தானே தொடங்கிவைக்கும். அதை நம்பித் தினசரி ஷெட்யூலை விட்டுவிட வேண்டாம்.

படி 3: ஆர்கைவில் இடம் இருந்தும் ஆக்டிவ் ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் யாரோ ஒருவருடைய முடியாத டிரான்ஸாக்‌ஷன் லாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. காட்டுப்பள்ளிப் பக்கத்து யார்டு அலுவலகத்திலிருந்து மெதுவான லைனில் ஒரு பெரிய ஃபைல் ராத்திரி முழுக்க நகர்ந்துகொண்டிருந்தால் போதும். 'கொயரி செஷன்' போட்டு அந்த நோடை, அதாவது பேக்கப் அனுப்பும் கம்ப்யூட்டரைக் கண்டுபிடியுங்கள். ரொம்ப நெருக்கடி என்றால் 'கேன்சல் செஷன்', அந்த செஷனின் எண்ணோடு. அந்த ஃபைல் அடுத்த பேக்கப்பில் போகும்.

படி 4: இதெல்லாம் பார்த்த பிறகும் இடம் பற்றவில்லை என்றால்தான் அளவைக் கூட்டுவது. சர்வரை நிறுத்தி, 'டிஎஸ்எம்சர்வ்.ஆப்ட்' ஃபைலில் 'ஆக்டிவ்லாக்சைஸ்' எண்ணை மாற்றி, மறுபடி ஓட விடுங்கள். வழக்கமான அளவு 16384 எம்பி, அதாவது 16 ஜிபி. உச்சம் 512 ஜிபி. இதே மென்பொருள் டிவோலி என்ற பெயரில் இருந்தபோது வந்த பழைய 5-ஆம் பதிப்புகளில் 13 ஜிபிக்கு மேல் போகவே முடியாது, அந்த வகையில் நாம் சௌகரியம்தான். எண்ணை மாற்றும் முன் அந்த டிஸ்கில் அவ்வளவு இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டிவையும் ஆர்கைவையும் ஒரே டிஸ்கில் வைத்திருந்தால், அப்படியே இரண்டையும் தனித்தனி டிஸ்குக்குப் பிரித்துவிடுங்கள்.