கலோரிமானியில் வெப்பக் கணக்கைச் சரியாகச் செய்யும் முறை

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் மொண்ட நீருக்கும் கிணற்றில் எஞ்சிய நீருக்கும் அந்தக் கணத்தில் வெப்பநிலை ஒன்றே. ஆயினும் அவை ஒரு பாகை குளிரும்போது கிணற்று நீர் இழக்கும் வெப்பம் வாளி நீர் இழப்பதைவிடப் பன்மடங்கு. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு வெப்ப இரசாயனம் கற்பிக்கும்போது நான் முதலில் இதையே சொல்வேன், ஏனெனில் வெப்பமானி காட்டும் எண்ணையே வெப்பம் என்று கொள்பவர்கள் கணக்கின் முதல் வரியிலேயே வழி தவறிவிடுகிறார்கள். எத்தனை பாகை உயர்ந்தது என்பதோடு, எவ்வளவு திணிவு அவ்வாறு உயர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம். ஒரு கிராம் பொருளை ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பமே தன்வெப்பக் கொள்ளளவு.

அமிலமும் காரமும் தாக்கமுற்று ஒரு மூல் நீர் உருவாகும்போது நிகழும் வெப்ப மாற்றமான நடுநிலையாக்கல் வெப்பவுள்ளுறையைக் காண்போம். ஒன்றினுள் ஒன்றாக வைத்த இரண்டு றெஜிபோம் கோப்பைகளை, சரிந்துவிடாதபடி ஒரு முகவைக்குள் நிறுத்தி, வெப்பமானிக்குத் துளையிட்ட மூடியால் மூடினால், வெப்ப மாற்றத்தை அளக்கப் போதிய கலோரிமானி கிடைத்துவிடும். அதில் லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றரை இட்டு, அதே செறிவும் கனவளவும் கொண்ட சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை வேறொரு பாத்திரத்தில் எடுங்கள். இரண்டின் வெப்பநிலையையும் தனித்தனியே அளக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரம் இருந்த போத்தலும் அலுமாரிக்குள் இருந்த போத்தலும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, காரத்தை ஒரேயடியாக ஊற்றிக் கலக்கி, உயர்ந்தபட்ச வெப்பநிலையைக் குறியுங்கள்.

இரண்டு கரைசல்களும் 30 பாகை செல்சியஸில் இருந்து, கலவை 36.5 பாகைக்கு உயர்ந்தது எனக் கொள்வோம். இங்கே திணிவு 50 கிராம் அன்று, 100 கிராம்; வெப்பத்தைப் பெற்றது கலவை முழுவதுமே. ஐதான கரைசல் என்பதால் அடர்த்தியையும் தன்வெப்பக் கொள்ளளவையும் நீருக்குரியவையாகவே, அதாவது மில்லிலீற்றருக்கு 1 கிராம், ஒரு கிராமுக்கு ஒரு பாகைக்கு 4.2 யூல் எனக் கொள்ளலாம். எனவே வெப்பம் 100 × 4.2 × 6.5 = 2730 யூல். உருவான நீர் 0.05 மூல், ஆகவே ஒரு மூலுக்கு 54.6 கிலோயூல். வெப்பம் வெளிவிடப்பட்டதால் வெப்பவுள்ளுறை மாற்றத்துக்கு மறைக் குறி இட வேண்டும். அமோனியம் குளோரைட்டை நீரில் கரைக்கும்போது கரைசல் குளிர்வதால் அங்கே குறி நேராகும்.

நூல்களில் காணப்படும் பெறுமானம் ஏறத்தாழ மறை 57 கிலோயூல். குறைந்துபோன பங்கின் பெரும்பகுதியைக் கோப்பையும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டன. அதையும் அளந்துவிடலாம் என்பதே இந்தப் பரிசோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோப்பையில் 30 பாகையில் 50 கிராம் நீர் இருக்க, அதில் 50 பாகையில் உள்ள 50 கிராம் நீரை ஊற்றுங்கள். கலவை 40 பாகைக்கு வராமல் 39.6 பாகையில் நின்றது என்றால், சுடுநீர் இழந்தது 50 × 4.2 × 10.4 = 2184 யூல்; குளிர்நீர் பெற்றது 50 × 4.2 × 9.6 = 2016 யூல். மீதி 168 யூல், 9.6 பாகை சூடேறிய கோப்பைக்கும் வெப்பமானிக்கும் போனது. எனவே கலோரிமானியின் வெப்பக் கொள்ளளவு பாகைக்கு 17.5 யூல்.

இதனை முதற்கணக்கில் சேர்த்தால், 17.5 × 6.5 என்பது ஏறத்தாழ 114 யூல். மொத்த வெப்பம் 2844 யூல். ஒரு மூலுக்கு மறை 56.9 கிலோயூல்.

தாக்கம் மெதுவாக நிகழுமானால் உச்ச வெப்பநிலையை எட்டுமுன்னரே வெப்பம் வெளியே கசிந்துவிடும். அப்போது கலப்பதற்கு முன்னும் பின்னும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபு வரைந்து, குளிரும் கோட்டைக் கலந்த கணம் வரை பின்னோக்கி நீட்டி, அங்கே கிடைக்கும் உயர்வையே கணக்கில் இட வேண்டும்.