தொழில் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுவது எப்படி?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டு விற்கும் நாங்கள் கடனுக்காக அலைந்தபோது ஒருவர் காசு வாங்கிக்கொண்டு நாற்பது பக்கத்துக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுத்தார். ஐந்தாண்டு லாபக் கணக்கெல்லாம் அதில் இருந்தது, ஐப்பசி மழை மட்டும் இல்லை. அப்புறம் நாங்களே ஒரு பக்கத்தில் எழுதினோம், இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம்.

ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து டெம்ப்ளேட் பக்கம் போகாதீர்கள், காலிக் கட்டத்தைப் பார்த்தாலே எதையாவது எழுதி நிரப்பத் தோன்றும். பெருக்கல் கூட்டலுக்கு கூகுள் ஷீட் இருந்தால் போதும்.

முதல் வரி, யாருக்கு எதை விற்கிறீர்கள் என்பது. "அம்பாசமுத்திரம், தென்காசி மளிகைக் கடைகளுக்கு 200 கிராம் உளுந்து அப்பளப் பாக்கெட்" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் ஒரு பாக்கெட்டின் அடக்க விலை, கடைக்குக் கொடுக்கும் விலை. சரி, இது எல்லோருக்கும் வந்துவிடும்.

மூன்றாவது வரியில்தான் எங்களுக்கு வெகுநேரம் ஓடியது: பணம் எத்தனை நாள் வெளியே நிற்கும்? உதாரணத்துக்கு, உளுந்து மாவு, கூலி எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 4,000 ரூபாய். மாவு பிசைந்து, இட்டு, காயவைத்துப் பாக்கெட் போட 4 நாள். கடைக்கார அண்ணாச்சி அடுத்த சரக்கு இறக்கும்போதுதான் போன சரக்குக்குப் பணம் கொடுப்பார், அது 26 நாள் என்று வையுங்கள். மொத்தம் 30 நாள், அதாவது 1,20,000 ரூபாய் கையில் இல்லாமல் தொழில் ஓடாது. மெஷினுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு உளுந்து வாங்கக் காசில்லாமல் நிற்பது இந்த வரியை எழுதாததால்தான்.

நான்காவது வரி, எது கெட்டால் எல்லாம் கெடும் என்பது. எங்களுக்கு அது வெயில். ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம் காயாது, ஆனால் வாடகையும் வட்டியும் நிற்காது. புரட்டாசிக்குள் சரக்கு சேர்ப்பீர்களா, டிரையர் வாங்குவீர்களா என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.

அவ்வளவுதான். எங்கள் தாள் அப்பளப் பலகைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. உளுந்து விலை ஏறினால் மதினி இரண்டு எண்களை அடித்துத் திருத்திவிட்டு அன்றைக்கே புது விலை சொல்லிவிடுகிறார்கள். நாற்பது பக்க அறிக்கையில் அந்த எண் எங்கே இருக்கிறது என்று தேடவே பொழுது போய்விடும்.

பின்சேர்க்கை: ஒரு பக்கத்தை வங்கி ஏற்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடனுக்குப் போனால் அவர்கள் கேட்கும் படிவத்தில்தான் அறிக்கை தர வேண்டும், ஆனால் எண்களை இந்தத் தாளிலிருந்தே எடுத்து நிரப்பலாம். வேலையில்லாத இளைஞர்கள் தொழில் தொடங்கத் தமிழக அரசு மானியத்தோடு கடன் ஏற்பாடு செய்யும் யுஒய்இஜிபி (UYEGP) திட்டத்தில் பொதுப்பிரிவினர் திட்ட மதிப்பில் 10 விழுக்காடும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5 விழுக்காடும் சொந்தப் பணம் போட வேண்டும். அந்தத் தொகையையும் மூன்றாவது வரிக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.