சைக்கிள் பையில் எதை வைப்பது, எந்தப் பூட்டைப் போடுவது: தோட்டப்புறத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தை விட்டு லிந்தாங் பக்கம் போய், செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் செம்மண் பாதையில் இறங்கிவிட்டால் டயர் வெடித்தாலும் கூப்பிட ஆள் கிடைக்காது. அங்கே சைக்கிளைத் திருட வருபவரும் குறைவு. ஆனால் நம்மில் பலர் கனத்த பூட்டுச் சங்கிலியை அந்தப் பாதை முழுக்கச் சுமந்துகொண்டு போகிறார்கள். பம்பு வீட்டில் கிடக்கிறது. எங்கே ஓட்டுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்று முதலில் யோசித்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

பஞ்சரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் அடிப்பாகத்தில் கெட்டியான முள் வரிசையாக இருக்கும். அது டயரில் ஏறி, வெளியே தெரிகிற பகுதி முறிந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் காற்றடித்தால் அதே முள் அதையும் குத்தும். ஓட்டையான டியூபை டயரின் மேல் வைத்துப் பார்த்தால் முள் இருக்கும் இடம் ஏறக்குறையத் தெரியும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள், நுனியில் துணி மாட்டும். விரலை விட்டுத் தேடினால் கை கிழியும். பிடுங்க ஒரு சின்ன இடுக்கி பையில் இருக்கட்டும்.

பஞ்சர் ஒட்டும் சொலூஷனை மட்டும் நம்பிப் போவதும் தவறு. ஒருமுறை திறந்த குழாய் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துபோகும். மழையில் நனைந்த டியூபில் ஒட்டும் சரியாகப் பிடிக்காது. ஆகவே வழியில் டியூபை மாற்றுங்கள், ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். புது டியூபின் வால்வும் உங்கள் பம்பும் பொருந்துகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். மெல்லிய வால்வுக்கும் மோட்டார் சைக்கிளில் வருகிற தடித்த வால்வுக்கும் பம்பின் வாய் வேறு.

கடையில் அழகாக மடிந்திருக்கும் பல்கருவி (மல்டி டூல்) உங்கள் வண்டிக்குப் போதாமல் போகலாம். பழைய சைக்கிள்களில் பின்சக்கர நட்டு பெரும்பாலும் 15 மில்லிமீட்டர். அதைக் கழற்றும் ஸ்பேனர் அந்தக் கருவியில் இருக்காது. பையிலுள்ள சாமான்களை மட்டும் வைத்து வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் என்ன குறைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டணத்தில் பூட்டு வேறு கதை. ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டே வண்டியைப் பார்க்க முடிந்தால் கேபிள் பூட்டு போதும். வண்டி கண்ணில் படாமல் இரவுச் சந்தையைச் சுற்றப் போகிறீர்கள் என்றால் போதவே போதாது. மெல்லிய கேபிளைக் கைக் கட்டரால் வெட்டிவிடலாம். அப்போது யு வடிவக் கெட்டிப் பூட்டு வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள். நெம்புகோலைத் திருப்பினாலே கழன்றுவிடும் சக்கரம் என்றால், அதை விட்டுவிட்டு மீதி வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியின் சட்டம் (ஃபிரேம்), பின்சக்கரம், அசையாத கம்பி மூன்றும் ஒரே பூட்டுக்குள் வரட்டும். கட்டையான கம்பம் என்றால் வண்டியை மேலே தூக்கி உருவிவிடலாம், அதையும் கவனியுங்கள். பூட்டு தரையைத் தொட்டபடி கிடந்தால் கட்டரைத் தரையில் ஊன்றி அழுத்த வசதியாகிவிடும். சாவித் துவாரம் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நாளாவட்டத்தில் அது பிசினாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்; பூட்டுக்கென விற்கும் மெல்லிய எண்ணெயையே விடுங்கள். மாற்றுச் சாவியை அதே வளையத்தில் கோக்காமல் வீட்டில் வையுங்கள்.