டிஜிட்டல் பிரஸ் டெமோவுக்குப் போகிறீர்களா? உங்கள் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்

ராயபுரத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு டேக், விசிட்டிங் கார்டு, ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டும் கண்ணீர் அஞ்சலி. இதுதான் நம் வேலை. முதல் டிஜிட்டல் பிரஸ்ஸை, அதாவது பிளேட் இல்லாமல் கம்ப்யூட்டர் ஃபைலில் இருந்தே நேராக அடிக்கும் மிஷினை, விற்பவர் காட்டிய டெமோ ஷீட்டைப் பார்த்து வாங்கினேன். கிளியும் பழக்கூடையும் பளபளவென்று இருந்தன. ஆனால் கடைக்கு வந்த யாரும் கிளி கேட்கவில்லை. அரக்குப் பின்னணியில் பிள்ளையார் கேட்டார்கள். அதை அடித்தால் பட்டை பட்டையாகக் கோடு, மடித்தால் மடிப்பில் வெள்ளை.

இரண்டாவது மிஷினுக்கு வேறு வழியில் போனேன். புதிதாக வாங்குபவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். ஆடி மாதத்தில் செய்யுங்கள். முகூர்த்தம் இல்லாததால் கையில் நேரம் இருக்கும்.

படி 1: பில் புத்தகத்தைத் திறங்கள்

போன தையிலோ ஆவணியிலோ ஒரு மாத பில்லை எடுத்து, எந்த வேலை, எந்தத் தாள், எத்தனை ஷீட், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று எழுதுங்கள். ஒரே கலர் பிட் நோட்டீசும் பில் புக்கும்தான் பாதிக்கு மேல் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை. மினி ஆஃப்செட்டோ ரிசோவோ (ஸ்டென்சில் முறையில் வேகமாக நகல் எடுக்கும் மிஷின்) போதும்.

படி 2: இரண்டு குடும்பங்கள்

நம் தெருக்களில் அதிகம் ஓடுவது பொடி டோனர் மிஷின்கள். கோனிகா மினோல்டாவின் அக்யூரியோபிரஸ், ஜெராக்ஸ் வெர்சண்ட், கேனான் இமேஜ்பிரஸ், ரிகோ ப்ரோ எல்லாம் இந்தக் குடும்பம். டோனர் பொடி தாளின் மேல் உட்காரும், ஃபியூசர் அதைச் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கும். மை தாளுக்குள் இறங்குவதில்லை என்பதை மனதில் வையுங்கள். மடிப்பில் வெடிப்பது, லேமினேஷன் பிடிக்காமல் போவது, சொரசொரப்பான போர்டில் பள்ளங்கள் வெள்ளையாகத் தெரிவது எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு குடும்பம் எச்.பி. இண்டிகோ. 1993-ல் முதல் மிஷின் வந்தது, 2002-ல் எச்.பி. அந்த நிறுவனத்தை வாங்கியது. இதில் திரவ மை. படம் முதலில் பிளாங்கெட் என்னும் சூடான ரப்பர் விரிப்பின் மேல் ஏறி, அங்கிருந்து தாளுக்கு மாறும். அதனால் பார்வைக்கு ஆஃப்செட் மாதிரியே இருக்கும். ஆனால் எல்லாத் தாளிலும் மை பிடிக்காது, பல தாள்களுக்கு முன்பூச்சு தேவை. தினமும் நிறைய ஓட்டும் போட்டோ ஆல்பம் கடைக்கு இது சரி. எங்கள் மாதிரிக் கடைக்கு வேலையை வெளியே கொடுத்து வாங்குவதே லாபம் என்பது என் கருத்து.

தங்க நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான நாலு கலரில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) தங்கம் அடித்தால் கிடைப்பது கடுகு நிறம்தான். ஐந்தாவது, ஆறாவது டோனர் போடும் மிஷின்கள் இருக்கின்றன. 2018-ல் வந்த ஜெராக்ஸ் இரிடெஸ் தங்கம், வெள்ளி இரண்டையும் அடிக்கும். விலையைக் கேட்டபிறகு நான் ஃபாயில் (தங்க நிற ஃபிலிமைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவது) போடுபவரிடமே திரும்பிவிட்டேன்.

படி 3: உங்கள் டெஸ்ட் ஃபைல்

13×19 அங்குல அளவில் ஒரே ஒரு ஃபைல். எல்லா டெமோவிலும் இதேதான் ஓட வேண்டும். என் ஃபைலில் இருப்பவை இவை. ஒரு கை அகலத்துக்கு முழு அரக்குக் கட்டம், பட்டை விழுந்தால் இதில் தெரிந்துவிடும். 30 சதவீதச் சாம்பல், திட்டுத் திட்டாக வருகிறதா என்று பார்க்க. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில். மாநிறமான ஒரு குழந்தையின் முகம். டெமோ ஷீட்களில் வெள்ளைக்காரப் பெண்தான் சிரிப்பாள், நம் நிறத்தில் எந்த மிஷின் சிவப்பைக் கூட்டுகிறது என்பது அதில் தெரியாது.

அப்புறம் தமிழ் எழுத்து. 6 பாயிண்டில் ஒரு பத்தி, அதையே அரக்கின் மேல் வெள்ளை எழுத்தாக இன்னொரு பத்தி. புள்ளி அடைபடுகிறதா, ‘ணை’, ‘ஞ்’, ‘ஸ்ரீ’ இவற்றின் சுழிகள் மூடிக்கொள்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுப்பு எழுத்தை கறுப்பு மட்டுமாக வையுங்கள், நாலு கலரில் கலந்த கறுப்பாக வேண்டாம். பழைய தமிழ் ஃபாண்ட் என்றால் கோரல் டிராவில் கர்வ் ஆக்கிவிட்டு (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிட்டு) பி.டி.எஃப். எடுங்கள். இல்லையென்றால் டெமோ ஹாலில் பத்திரிகை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும், நேரம் அதிலேயே போய்விடும். ஃபைலின் நான்கு ஓரத்திலும், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போடுங்கள். அதன் வேலை படி 5-ல் வரும்.

படி 4: டெமோவில் நின்று பாருங்கள்

ஆண்டர்சன் தெருவில் நீங்கள் வழக்கமாக வாங்கும் தாள்களையே கொண்டுபோங்கள். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத தாள், 130 ஆர்ட் பேப்பர், 300 ஆர்ட் கார்டு, ஒரு டெக்ஸ்ச்சர் போர்டு. “எங்கள் தாளிலேயே பார்க்கலாமே சார்” என்பார்கள். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

பிரவுஷரில் இருக்கும் வேகம் மெல்லிய ஏ4 தாளுக்கு. நிமிடத்துக்கு 81 ஏ4 என்றால் 13×19-ல் சுமார் பாதிதான் வரும். இரண்டு பக்கமும் என்றால் ஷீட் கணக்கு அதிலும் பாதி. 300 ஜி.எஸ்.எம். போட்டதும் சில மிஷின்கள் வேகத்தை இன்னும் குறைக்கும், சில குறைக்காது. அதனால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, 300 கார்டில் இரண்டு பக்கம் 100 ஷீட் ஓட்டச் சொல்லுங்கள். 1-வது, 50-வது, 100-வது ஷீட்டில் எண் எழுதி எடுத்து வையுங்கள். ஜாம் ஆனால் முகம் சுளிக்காதீர்கள். யார், எப்படி, எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார் என்று கவனியுங்கள். நாளை அதை எடுக்கப்போவது நீங்கள்தான்.

படி 5: உங்கள் கட்டிங் மேசையில்தான் முடிவு

டெமோ ஹாலில் எந்த முடிவும் சொல்லாமல் வந்துவிடுங்கள். எண் எழுதிய மூன்று ஷீட்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முன்பக்க, பின்பக்கக் கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றனவா என்பது தெரியும். கொஞ்சம் தள்ளியிருந்தால்கூடப் பரவாயில்லை, மூன்றிலும் ஒரே மாதிரி தள்ளியிருந்தால் சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடினால் அந்த மிஷினில் பார்டர் வைத்த விசிட்டிங் கார்டு அடிக்கவே முடியாது. கார்டை வெட்டி அடுக்கி, அடுக்கின் பக்கவாட்டைப் பாருங்கள், ஆட்டம் அங்கேயும் தெரியும்.

பிறகு அரக்குக் கட்டத்தின் நடுவே ஒரு ஷீட்டை கிரீசிங் (மடிக்கும் இடத்தில் முன்பே அழுத்திய பள்ளக்கோடு) போட்டும், இன்னொன்றைப் போடாமலும் மடியுங்கள். கிரீசிங் போட்டும் வெடித்தால் அந்தத் தாளுக்கு அந்த மிஷின் ஒத்துவராது. செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரித்துப் பாருங்கள், இண்டிகோ பிரிண்ட் என்றால் கட்டாயம். மேட் லேமினேஷன் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடர்ந்த இடத்தில் வெள்ளி மாதிரிப் பொடிக்குமிழி தெரிந்தால் டோனரின் மெழுகில் பசை பிடிக்கவில்லை என்று பொருள். டிஜிட்டல் பிரிண்டுக்கென்றே கூடுதல் பசையோடு ஃபிலிம் விற்கிறது. அதில் சரியானால் அந்த ஃபிலிம் விலையையும் உங்கள் கணக்கில் சேருங்கள். நான் முதல் மிஷினில் கோட்டைவிட்டது இந்தப் படியைத்தான்.

படி 6: கிளிக் கணக்கு

ஒரு முறை ஒரு பக்கம் அடித்தால் ஒரு கிளிக். சர்வீஸ் ஒப்பந்தத்தில் இந்த எண்ணிக்கைப்படிதான் மிஷின் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறோம். விசிட்டிங் கார்டு ஒரு 13×19 ஷீட்டில் 25 உட்காரும். 1000 கார்டுக்கு 40 ஷீட், இரண்டு பக்கத்துக்கு 80 கிளிக். ஆனால் சில ஒப்பந்தங்களில் பெரிய ஷீட்டை இரண்டு ஏ4-ஆக எண்ணுவார்கள். அப்போது அதே வேலை 160 கிளிக். “எங்கள் கிளிக் ரேட் குறைவு” என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்து, தேயும் பாகங்களான டிரம், ஃபியூசர், டெவலப்பர், பிளேடு எல்லாம் அந்த ரேட்டில் அடக்கமா? மாதக் குறைந்தபட்ச கிளிக் எவ்வளவு, ஆடியில் அதை எப்படி எட்டுவது? ஸ்டிக்கர் ஷீட்டின் பசை ஃபியூசரில் ஒட்டிக் கெட்டுப்போனால் யார் செலவு? எல்லாம் எழுத்தில் வேண்டும். ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு வாய்வார்த்தைதான் கிடைத்தது, ஃபியூசர் போனபோது அந்த வாய் போனை எடுக்கவில்லை.

படி 7: கடல் காற்றும் மழையும்

தெற்கே குளுகுளு டெமோ ஹாலில் நேராக நின்ற தாள் காசிமேட்டுக் காற்றில் சுருளும். ஈரம் ஏறிய தாளில் ஜாம், நெளிவு, வெளிறல் எல்லாம் வரும். மிஷின் அறைக்குத் தனி ஏ.சி., தாள் ரீமை உபயோகிக்கும்வரை உறையைப் பிரிக்காமல் வைப்பது, இரண்டும் வேண்டும். யூ.பி.எஸ்., எர்த்திங் செலவை விற்பவர் சொல்லமாட்டார், எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எடை பல நூறு கிலோ என்பதால் தரைத்தளம்தான் வசதி. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று பார்த்தோம். நான் தரையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் மிஷினை இறக்கினேன்.

படி 8: சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன்

இரண்டு மிஷின்கள் சமமாக நின்றால் இதைச் செய்யுங்கள். அதே மாடலை வைத்திருக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இன்ஜினியர் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருகிறார், பார்ட்ஸ் சென்னையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் அந்தந்த சர்வீஸ் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். நான் போட்டபோது ஒன்றில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு பையன் எடுத்து, “அண்ணா, எந்த ஏரியா?” என்று கேட்டான். அந்த மிஷினைத்தான் வாங்கினேன்.