காசு கொடுக்காமல் விறகு: வேலூர்ப் பக்கம் எங்கே எடுப்பது, எதை எதற்கு எரிப்பது

காஸ் அடுப்பு வந்த பிறகும் நம் பக்கத்து வீடுகளில் பின்கட்டு விறகடுப்பு அணையவில்லை. குளிக்க வெந்நீர், ஆடி மாதக் கூழ், விசேஷத்துக்கு ஒரு டேக்சா பிரியாணி எல்லாம் அதில்தான். முதலில் எவ்வளவு தேவை என்று பாருங்கள். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 340 கிலோகலோரி போதும். ஆனால் திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்கு சூடுதான் அண்டாவுக்குப் போகும், மீதி காற்றோடு போய்விடும். ஆகவே அந்த 20 லிட்டருக்குக் காய்ந்த விறகு ஒரு கிலோ. ஒரு நாளைக்கு மூன்று அண்டா வெந்நீர் போடுகிற வீட்டுக்கு மாதம் 90 கிலோ, வருஷத்துக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். தலைச்சுமையாகத் தூக்குகிற 25 கிலோ கட்டு என்றால் 44 கட்டு. இதைக் கோடையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஐப்பசியில் கிளம்பினால் கிடைப்பது ஈர விறகுதான்.

எங்கே, யாரைக் கேட்டு

வேலிகாத்தான் முள் என்கிற சீமைக்கருவேலம்தான் நம் பக்கத்தில் அதிகம். தரிசு, வாய்க்கால் ஓரம், பாலாற்றுப் படுகை என்று எங்கும் நிற்கிறது. ஆளில்லாமல் கிடக்கிறதே என்று கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். ஏரிக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம் பல ஊர்களில் வனத்துறை நட்டது, ஏலத்துக்குப் போவது. ஏலம் எடுத்தவர் வந்து கேட்டால் கட்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சியையும் கேளுங்கள். சாலையோரப் புளிய மரம் நெடுஞ்சாலைத் துறையின் சொத்து. புயலில் சாய்ந்து கிடந்தாலும் அவர்கள் ஆள் வந்து அறுத்துப் போட்ட பிறகு, கேட்டுத்தான் கிளையை எடுக்கலாம்.

வம்பில்லாத இடம் பட்டா நிலம். தை அறுவடை முடிந்து ஆடிப் பட்டத்துக்குள் தரிசைத் திருத்துகிறவர்கள் ஜேசிபி வைத்து முள்ளைப் பிடுங்குவார்கள். பருத்த கட்டையைக் கரி மூட்டம் போடுகிறவர்கள் விலை பேசி எடுத்துக்கொள்வார்கள். மணிக்கட்டுப் பருமனுக்குக் கீழே உள்ளதும், மண்ணோடு வந்த தூரும் வரப்பில் கிடக்கும். அதை அகற்றினால் போதும் என்றுதான் நிலத்துக்காரர் இருப்பார். முள்மிளாறை யார் ஒதுக்குவது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், சண்டை வருவது அங்கேதான். ஜேசிபி இல்லாமல் நீங்களே வெட்டிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டால், தரைக்கு மேல் வெட்டாதீர்கள். துளிர் கிளம்பும் கணுக்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. மண்ணைப் பறித்து அரை அடிக்கும் கீழே போய் வெட்டாவிட்டால், அடுத்த மழைக்கு ஒன்று நின்ற இடத்தில் பத்து நிற்கும்.

இரண்டாவது நல்ல வழி, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாள். கம்பியில் உரசும் கிளைகளை அன்றைக்கு வெட்டித் தெருவோரம் தள்ளிவிட்டுப் போவார்கள். வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி, பூவரசு என்று கலந்து கிடைக்கும். லைன்மேனைக் கேட்டு எடுக்கலாம். கம்பியருகே நிற்கும் கிளையை நீங்களாகத் தொரட்டி போட்டு இழுக்காதீர்கள். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும்.

ஆம்பூர், பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கத் தென்னந்தோப்புகளை மறக்க வேண்டாம். ஒரு தென்னை மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டையைக் கழிக்கும். இருபது மரத் தோப்பு என்றால் மாதம் இருபது மட்டை, கூடவே பாளையும் பன்னாடையும். மாந்தோப்பில் காய் இறங்கியதும் ஆடி, ஆவணியில் கவாத்து நடக்கும். மர மில்லில் பக்கப்பலகையும் தூளும் சில இடத்தில் சும்மா கொடுப்பார்கள், சில இடத்தில் மூட்டைக்குக் காசு கேட்பார்கள்.

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் தொழிற்சாலைகளில் கழித்துப்போடும் பேலட் கட்டைகள் காய்ந்தவை, அறுக்கவும் சுலபம். வாங்குவதற்கு முன் அதில் சூட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் எச்டி (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவேண்டாம். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் எதுவும் அடுப்புக்கு ஆகாது. தோல் கழிவை வைத்து அடுப்புப் பற்றவைக்கும் பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் எரியும்போது அந்தக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாறிச் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரமும் தேய்ப்பார்கள்.

அமிர்தி, ஒடுகத்தூர், ஜவ்வாது மலை, பேரணாம்பட்டுப் பக்கக் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் காய்ந்த சுள்ளி எடுத்தாலும் வழக்குதான். சந்தனம், செம்மரம் இரண்டும் எங்கே கிடந்தாலும், துண்டாகக் கிடந்தாலும், தூக்காதீர்கள். "தெரியாமல் எடுத்தேன்" என்பது சோதனைச் சாவடியில் செல்லாது.

முள்ளை வெட்டும் விதம்

இரண்டு ஆள் இருந்தால் நல்லது. வேண்டியவை: நீளப் பிடி வெட்டுக்கத்தி, நாலடிக் கவைக்கோல், கோடாலி, இரும்பு ஆப்பு இரண்டு, சம்மட்டி, பதினைந்தடிக் கயிறு. காலுக்குக் கெட்டியான பூட்ஸ். ரப்பர் செருப்பை வேலிகாத்தான் முள் ஊடுருவிப் பாதத்தில் ஏறும்.

கிளையைக் கையால் பிடிக்காமல் கவைக்கோலால் அழுத்திக்கொண்டு, அடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி முள்ளைச் சீவுங்கள். எதிர்ப்பக்கமாகச் சீவினால் கத்தி முள்ளின் கவட்டில் சிக்கித் துள்ளும். முள்மிளாறை உடனுக்குடன் ஒரே இடத்தில் குவியுங்கள். சிதறவிட்டால் டிவிஎஸ் எக்ஸெல் டயருக்கு அன்றைக்கே பஞ்சர். முள் குத்தி முனை உள்ளே ஒடிந்தால் ஊக்கால் நோண்டிக் கிளறாமல், டாக்டரிடம் போய் எடுத்துவிட்டு டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மூட்டருகே தங்கின முள் வாரக்கணக்கில் வீங்க வைக்கும்.

வீட்டடுப்புக்கு ஒன்றரை அடி நீளம் போதும். பருமன் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை. அதற்கு மேல் பருத்ததைப் பிளந்தே ஆக வேண்டும். பச்சையாக இருக்கும்போதே பிளப்பது நல்லது. சவுக்கும் தைலமரமும் காய்ந்துவிட்டால் கோடாலி எகிறும். புளியும் வேம்பும் நார் பின்னிக் கிடப்பவை. அவற்றில் கணுவைத் தவிர்த்து, கட்டையின் தலைப்பில் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பில் ஆப்பை இறக்குங்கள். புளியின் அடிமரத்தோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. கிளைகளை எடுத்துக்கொண்டு அடிமரத்தை மில்காரருக்கு விட்டுவிடலாம்.

எந்த விறகு எதற்கு

எடைக்கு எடை பார்த்தால் பெரும்பாலான மரங்கள் ஒரே சூடுதான் தரும். முழுக்கக் காய்ந்தது கிலோவுக்கு 4,500 முதல் 5,000 கிலோகலோரி. வித்தியாசம் அடர்த்தியில் இருக்கிறது. ஒரு கன அடிக் கருவேலமோ சவுக்கோ 20 கிலோவைத் தாண்டும். அதே அளவு முருங்கையும் இலவும் 10 கிலோவைத் தொடாது. சுமக்கிற சிரமமும் அடுக்குகிற இடமும் அளவைப் பொறுத்தவை என்பதால் கனத்த மரமே லாபம். கனத்த மரம்தான் கங்கும் விடும்.

எல்லாவற்றையும் பார்த்தால் முதலிடம் கருவேலத்துக்கும் வேலிகாத்தானுக்கும். இரண்டும் சீராக எரியும், புகை குறைவு, கங்கு நெடுநேரம் நிற்கும். ஆம்பூர் பிரியாணிக்கு மேலும் கீழும் தணல் வைத்துத் தம் போடுவதற்கு இந்தக் கங்குதான் தோது. வேலிகாத்தான் அரைகுறை ஈரத்திலும் ஓரளவு எரியும். அதனாலேயே பலர் அதைக் காயவைக்காமல் எரித்து வீணடிக்கிறார்கள். தோண்டி எடுத்த தூர்க்கட்டை கிளையைவிடக் கெட்டி, ஆனால் மண்ணும் கல்லும் அதில் ஒட்டியிருக்கும். அடித்து உதிர்த்துவிட்டுக் கோடாலி போடுங்கள், இல்லாவிட்டால் வாய் மழுங்கும்.

புளி இவற்றுக்குச் சமமான சூடு. பிளக்கும் பாடுதான் ஒரே குறை. சவுக்கு நன்றாகப் பற்றும், சுள்ளென்று எரியும், கொதி வர வேண்டிய சமையலுக்கு ஏற்றது. சும்மா கிடைப்பது அபூர்வம். கட்டட வேலையில் சாரம் கட்டிக் கழித்த கம்பு கிடைத்தால் ஆணி, கம்பியைப் பிடுங்கிவிட்டு எடுங்கள். தைலமரம் சூடு நல்லது, ஆனால் படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். கூரைக் கொட்டகையில் வேண்டாம்.

வேம்பு எரிவதில் குறையில்லை. புகைதான் கண்ணைக் கரிக்கும், கசப்பு வாசனை மூடாத பாத்திரத்தில் ஏறும். வெந்நீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மன் மரம் என்று அடுப்பில் வைக்காத வீடுகளும் உண்டு. மா, வாகை, சூபாபுல், பூவரசு, புங்கன் நடுத்தரம். கேழ்வரகுக் கூழுக்கு இந்த நடுத்தர விறகே போதும். கங்கு மிஞ்சினால் அடி பிடிக்கும், கிண்டுகிறவர் கை ஓயும். கொடுக்காப்புளி புகைந்து தள்ளும், வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

தென்னை மட்டையும் பனை ஓலையும் குப்பென்று பிடித்துக் குப்பென்று அடங்கும். பற்றவைக்கவும், பொங்கல் பானை பொங்குகிற நேரத்துக்கும் சரி, நின்று எரிய உதவாது. கொட்டாங்கச்சி கைப்பிடி அளவே பெரிய சூடு கொடுக்கும். அதைப் பன்னாடையோடு சேர்த்து மூட்டினால் மண்ணெண்ணெய் தேவைப்படாது. முருங்கை, கல்யாண முருங்கை, இலவு இவற்றைச் சுமந்து வருவது உடம்புக்குத்தான் கேடு.

அரளியை அடுப்பில் வைக்கவே கூடாது. மரம் முழுக்க விஷம், புகையும் விஷம். கறி வாட்டும் குச்சியாகக்கூட ஆகாது. திருகுகள்ளி, எருக்கு இரண்டின் பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, வேலியிலிருந்து இழுக்கும் கட்டில் அவை கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காயவைப்பது

இதில்தான் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். 10 கிலோ பச்சை விறகில் எரிவது 5 கிலோ மரம், அதாவது 22,500 கிலோகலோரி. அதிலும் 3,000-க்கு மேல் உள்ளே இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய 10 கிலோ விறகில் 8 கிலோ மரம், 36,000 கிலோகலோரி. காய்ந்த முருங்கைக்கட்டை பச்சைக் கருவேலத்தைவிடச் சுலபமாய்ப் பற்றும் என்பதும் இதனால்தான்.

தை, மாசியில் வெட்டிப் பிளந்தது பங்குனி முதல் அக்கினி நட்சத்திர வெயில் வரை பட்டால் ஆடிக்குத் தயார். மணிக்கட்டுப் பருமன் பிளந்த கட்டைக்கு வேலூர் வெயிலில் ஆறிலிருந்து எட்டு வாரம். பிளக்காத தொடைப் பருமன் கட்டை ஆறு மாதம் ஆனாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் பட்டை தண்ணீரை வெளியே விடாது. கார்த்திகையில் வெட்டியது காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க: இரண்டு கட்டையைத் தட்டினால் "டங்" என்று கேட்க வேண்டும், "தொப்" என்றால் ஈரம். தலைப்பில் கதிர்கதிராக வெடிப்பு, கையோடு உரியும் பட்டை, இவையும் அடையாளம். சந்தேகமே வேண்டாம் என்றால் ஒரே கட்டையில் குறி போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். இரண்டு வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. எரியும்போது தலைப்பில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம் வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் திரும்ப வெயிலில் போடுங்கள்.

மண்ணில் அடுக்கினால் கரையான் ஏறும். கல் வைத்து, குறுக்கே இரண்டு கம்பு போட்டு, முக்கால் அடி உயர்த்தி அடுக்குங்கள். ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மழைக்கு மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். சுற்றிலும் மூடினால் உள்ளே வேர்த்து உளுத்துப்போகும். அடைமழைக் காலத்துக்குப் பதினைந்து நாள் விறகு உள்ளே, அடுப்புப் பக்கத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

விறகுக் குவியல் தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் நல்ல இருப்பிடம். நம் பக்கத்துக் கல்லாங்காட்டில் சுருட்டைவிரியனும் உண்டு, உருவம் சிறியது, கட்டையின் நிறத்தோடு ஒன்றிப் போகும். பொழுது சாய்ந்த பிறகு கட்டை எடுக்காதீர்கள். பகலிலும் கோலால் நாலு தட்டு தட்டிவிட்டு, மேல் வரிசையிலிருந்தே எடுங்கள், அடியிலிருந்து உருவ வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் பச்சிலை தேடுவதும் நேரத்தைத்தான் தின்னும். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதற்கும் கிட்டே உள்ள அரசு மருத்துவமனைக்கோ 108-ல் நேரே போய்விடுங்கள்.