காருக்குள் எலி வாடை: சென்ட் பாட்டிலைத் தொடுவதற்கு முன்

ஐப்பசி மழையில் மூன்று வாரம் வண்டியை எடுக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வீச்சம். என்ன ஏதென்று பார்க்காமல், முக்குக் கடைக்குப் போய் கண்ணாடியில் தொங்கவிடும் மல்லிகை சென்ட் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். இரண்டே நாளில் எலி மூத்திரமும் மல்லிகையும் கலந்து, இரண்டிலும் சேராத மூன்றாவது நாற்றம் ஒன்று பிறந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மல்லிகை ஊதுபத்தி கூட வாங்குவதில்லை.

அந்த வாடையைப் போக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அதில் ஒரு மாதத்துக்கு மேல் தவறான வேலைகளிலேயே போயிற்று. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லோரும் அதே வேலைகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் செய்கிறார்கள்: முதலில் சென்ட், அப்புறம் அந்துருண்டை, அப்புறம் வாட்டர் வாஷ், அப்புறம் எலி மருந்து. வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுவது கடைசியில்.

முதலில் சென்ட்டை முடித்துவிடுவோம். எலிக்கு மூத்திரம் வெறும் கழிவு அல்ல, மற்ற எலிகளுக்கு விட்டுச் செல்லும் சேதி. எலி, சுண்டெலி இவற்றின் சிறுநீரில் ஒரு வகைப் புரதம் உண்டு. வாசனை மூலக்கூறுகளைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதுதான் அதன் வேலை. நாள் கணக்கில் நீடிப்பதற்கென்றே அமைந்த வாடை அது. அதோடு சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைப்பதால் அம்மோனியா நெடியும் சேரும். காலையில் ஒன்றும் தெரியாத வண்டி, மதியம் வெயிலில் நின்ற பிறகு நாறுவது இதனால்தான்: சூடும் ஈரப்பதமும் ஏறினால் வாடையும் ஏறும். நீங்கள் அடித்த சென்ட் அதற்குள் ஆவியாகிப் போயிருக்கும்.

அந்துருண்டை இன்னும் மோசம். நாலைந்து உருண்டையை சீட்டுக்கு அடியில் போட்டு, கண்ணாடியை ஏற்றி, வெயிலில் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் நாஃப்தலீன். மூடிய காருக்குள் அதன் ஆவி நிறைந்து, தலைவலி, குமட்டல் வரை கொண்டுபோகும். ஜி6பிடி என்னும் என்சைம் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது. போதாக்குறைக்கு, சீட் ஃபோம் அந்த நெடியை உறிஞ்சிக்கொள்ளும். எலி வாடை போனாலும் அது சீக்கிரத்தில் போகாது.

எந்த வாடை என்று பிரித்துப் பாருங்கள்

மூன்று வாடைகளை நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். மூக்கை அரிக்கிற, பொதுக் கழிப்பறையை நினைவூட்டுகிற நெடி என்றால் மூத்திரம். ஒருவிதத் திகட்டலோடு அழுகல் நாற்றம் வந்து, நாளுக்கு நாள் கூடி, ஈயும் மொய்த்தால் ஏதோ செத்துக் கிடக்கிறது. மூன்றாவதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. அது மூஞ்சூறு. நீண்ட மூக்கோடு கிச்சுக்கிச்சென்று சத்தம் போட்டபடி சுவரோரமாக ஓடுமே, அதுதான். பிள்ளையாரின் வாகனம் என்று அதை யாரும் அடிப்பதில்லை, நல்லது. ஆனால் அது எலி இனமே அல்ல. உடலின் பக்கவாட்டில் உள்ள சுரப்பியிலிருந்து கஸ்தூரி போன்ற காரமான வாடையை விடும். அது முக்கியமாகத் தின்பது பூச்சிகளை. ஆகவே தானியத்தில் செய்த எலி கேக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. காரில் கரப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். கரப்பான் ஒழிந்தால் மூஞ்சூறுக்கு அங்கே வேலை இல்லை.

இடம் தெரியாமல் கழுவாதீர்கள்

நான் செய்ததில் பெரிய தவறு இதுதான். சீட்டைத் துடைத்தேன், மேட்டைக் கழுவினேன், இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கடையில் உள்புறம் முழுக்க ஷாம்பூவும் போட்டேன். வாடை அங்கே இருக்கவே இல்லை.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வண்டியை ஒரு மணி நேரம் பூட்டி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து முகருங்கள். பிறகு ஏசி போடாமல், காற்றை உள்ளே தள்ளும் விசிறியான ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். காற்று வந்த முதல் சில நொடிகளில் வாடை தூக்கினால் பிரச்சினை ஏசி ஃபில்டரிலோ ப்ளோயரிலோ இருக்கிறது. ப்ளோயர் ஓடாதபோதே வெயிலில் நாறினால் கார்ப்பெட், சீட், டிக்கி. இன்ஜின் சூடான பிறகு மட்டும் கருகல் கலந்து வந்தால் பானெட்டுக்குள். வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் பொத்தானையும் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் ஒரு துப்புக் கிடைக்கும்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அருகில், சல்லடை போன்ற ஒரு மூடி இருக்கும். மழை நீர் வடிவதும், ஏசிக்கு வெளிக்காற்று போவதும் அந்த வழியாகத்தான். எலிக்கும் அதுதான் தலைவாசல். அங்கிருந்து இறங்கினால் ஏசி ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் இடதுபக்கப் பெட்டியைக் கழற்றினால் பின்னாலேயே தெரியும். கழற்றக் கருவி கூடத் தேவையில்லை, இரண்டு பக்கமும் அழுத்தினால் போதும். நான் கழற்றியபோது ஃபில்டரின் மேல் ஒரு குடும்பமே வாழ்ந்த தடயம்: டிஷ்யூ பேப்பர், பானெட் உறையிலிருந்து பிய்த்த பஞ்சு, வேர்க்கடலைத் தோல், ஒரு கைப்பிடி புழுக்கை. ஊரிலிருந்து திரும்பியது முதல் அதன் வழியே வந்த காற்றைத்தான் குளுகுளுவென்று சுவாசித்துக்கொண்டிருந்தோம்.

இங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு, ப்ளோயர் விசிறியைப் பார்க்காமல் விடுவது. விசிறியின் இதழ்களுக்கு இடையே பஞ்சும் முடியும் சிக்கியிருந்தால் புது ஃபில்டரும் நாறும். சில பழைய, ஆரம்ப விலை மாடல்களில் ஃபில்டரே இருக்காது, காலி இடம் மட்டும் இருக்கும். அப்படியென்றால் குப்பை நேராக விசிறிக்குத்தான் போயிருக்கும். புது ஃபில்டரைப் போடும்போது அதன் ஓரத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்றோட்டத் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரி கலந்த ஃபில்டர் கொஞ்சம் வாடையைப் பிடிக்கும். ஆனால் சுத்தம் செய்த பிறகு போட்டால்தான் காசுக்கு மதிப்பு.

கார்ப்பெட்டில் கறை தெரியவில்லை என்றால், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இரவில் அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் வெளிறிய நிறத்தில் மினுங்கும். சோப்புத் தூளும் மினுங்கும் என்பதால், ஷாம்பூ போடுவதற்கு முன் பார்ப்பது உத்தமம். நான் ஷாம்பூ போட்ட பிறகு பார்த்தேன். கார் முழுக்க நட்சத்திரம்.

காய்ந்த புழுக்கையில் வாக்யூம் வேண்டாம்

கூட்டைக் கண்டதும் கை தானாக வாக்யூம் கிளீனருக்குப் போகும். போகக்கூடாது. காய்ந்த புழுக்கையையும் மூத்திரத் தூசியையும் உறிஞ்சினாலோ பெருக்கினாலோ அது நுண்தூசியாகக் காற்றில் எழும்பி மூச்சோடு உள்ளே போகும். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அல்லது அதே கையால் கண்ணைத் தேய்த்தால் போதும். மழைக்காலத்தில் நம் ஊர் மருத்துவமனைகளுக்கு அது பழகிய நோய்.

சரியான முறை இது. நான்கு கதவையும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். ரப்பர் கையுறை, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். திரவ ப்ளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு என்று கலந்து, கூட்டின் மேல் நன்றாக நனையும்படி தெளித்து 5 நிமிடம் விடுங்கள். பிறகு காகிதத்தால் வழித்து எடுத்து, பையில் போட்டு இறுகக் கட்டி எறியுங்கள். துணி சீட்டில் ப்ளீச் பட்டால் வெளுத்துவிடும், அங்கே துணிக்கு ஏற்ற கிருமிநாசினியைப் பயன்படுத்துங்கள். ப்ளோயர் மோட்டார், ஒயர் இணைப்புகள் மேல் எதையும் நேராகத் தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ப்ளீச்சோடு வினிகரையோ பாத்ரூம் ஆசிடையோ அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையோ சேர்க்காதீர்கள். வினிகரும் ஆசிடும் குளோரின் வாயுவைக் கிளப்பும், அம்மோனியா வேறொரு நச்சு வாயுவைக் கிளப்பும். காருக்குள் ஓடித் தப்பிக்க இடம் இல்லை.

சமையல் சோடாவைத் தூவுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அம்மோனியா காரத்தன்மை உள்ளது, சோடாவும் அப்படித்தான். அதை இது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தால் அம்மோனியா அடங்கும், அதையும் ப்ளீச்சைக் கழுவிக் காயவைத்த பிறகு வேறொரு நாளில் செய்யுங்கள். ஆனால் புரதத்தை உடைக்க, நாய் பூனை மூத்திரத்துக்கென்று விற்கும் என்சைம் கிளீனர்தான் எனக்குக் கைகொடுத்தது. அதிலும் நான் முதலில் தவறினேன்: மேலாகத் தெளித்துவிட்டு வெயிலில் காய வைத்தேன். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் அதுவும் இறங்க வேண்டும், சில மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். ப்ளீச் மிச்சமிருக்கும் இடத்தில் தெளித்தால் என்சைமும் செத்துவிடும்.

கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த கம்பளி போன்ற ஒரு விரிப்பு இருக்கிறது. அது ஊறிப்போயிருந்தால் போராடாதீர்கள், வெட்டி எடுத்து மாற்றுங்கள். வாட்டர் வாஷ் கடைகளில் சீட்டை நனைத்து மேலே மட்டும் காய வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் எலி வாடையோடு பூஞ்சை வாடையும் சேரும். சீட்டைக் கழற்றுவதாக இருந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் செய்வதே முறை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. தெரியாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

எலி மருந்து

'இதைத் தின்றால் தாகம் எடுத்து, தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும்.' இப்படிச் சொல்லாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. உண்மை வேறு. கடையில் கிடைக்கும் எலி கேக்குகள் பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும். கடைசியில் அது பெரும்பாலும் தன் வளைக்குள்தான் சுருண்டு கிடக்கும், அந்த வளை உங்கள் டேஷ்போர்டாக இருக்கலாம். அங்கே செத்தால் மெக்கானிக் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டிவரும். மூத்திர வாடைக்கு மருந்து வைத்து, பிண வாடையை வாங்கிக்கொள்கிற வியாபாரம் இது. காருக்குள் மருந்து வேண்டவே வேண்டாம். வண்டி நிற்கும் இடத்தில் சுவரோரமாக எலிக்கூண்டு வையுங்கள், உள்ளே தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ போதும்.

நெடி அடிக்கும் மாத்திரைகள், பொடிகளை மூடிய இடத்தில் வைப்பது உயிரோடு விளையாடுவது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கார் அந்த வீட்டு அறையைவிடச் சிறியது.

பானெட்டுக்குள்ளும் இப்படித்தான். மண்ணெண்ணெய் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் அதைவிட ஆபத்தான யோசனை இல்லை. பிரஷர் பம்பால் தண்ணீர் பீய்ச்சினால் ஃபியூஸ் பெட்டிக்குள் தண்ணீர் போகும். பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பஞ்சு உறை நாறினால் கழுவாமல் புதிது மாட்டுங்கள். புகையிலை கட்டித் தொங்கவிட்டால் எலி அந்த நெடிக்குப் பழகிவிடும், அவ்வளவுதான்.

வாடை போக காருக்குள் ஓசோன் வாயுவை விடட்டுமா என்று கார் பராமரிப்புக் கடைகளில் கேட்பார்கள். கூட்டை எடுத்து, துடைத்து, காய வைத்த பிறகும் மிச்சமிருக்கும் மெல்லிய வாடைக்கு அது பயன்படலாம். கூடு உள்ளே இருக்கும்போது போட்டால் காசு வீண். போடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. முடிந்ததும் நன்றாகக் காற்றாட விட வேண்டும், ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும். அடிக்கடி போட்டால் ரப்பரிலும் வெடிப்பு விழும்.

வாடை போன கையோடு விட்டுவிட்டால் எலி திரும்ப வரும். பழைய மூத்திரத் தடம் அதற்கு வழிகாட்டி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஆகவே காற்று நுழையும் அந்தச் சல்லடைக்கு அடியில், அதைவிடச் சிறிய கண் உள்ள இரும்புக் கம்பி வலையை மெக்கானிக்கிடம் சொல்லிப் பொருத்தச் சொன்னேன். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும். வண்டியை எடுக்காத நாட்களிலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி நிறுத்துகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் மதிய வெயிலில் பின்னாலிருந்து லேசாக ஒரு வீச்சம் மிச்சமிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தேன். அடிப் பள்ளத்தில், தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுபோன அதிரசப் பொட்டலம் ஒன்று, பாதி தின்ற நிலையில். சுற்றிலும் புழுக்கை.