ஆறு குழு, பன்னிரண்டு பாட்டு, ஒரு இறுவட்டு: கிற்றார் றொக் தொகுப்பு செய்யும் முறை

கிளிநொச்சியில் இரண்டு குழு, வவுனியாவில் இரண்டு, முல்லைத்தீவிலும் மன்னாரிலும் ஒவ்வொன்று. குழுவுக்கு இரண்டு சொந்தப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டையும் ஒரு ஃபோல்டரில் போட்டுப் பெயர் வைத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரு பாட்டு ஸ்ரூடியோவில் பதிந்தது, இன்னொன்று ரியூசன் கொட்டிலில் போனை வைத்துப் பதிந்தது. ஒன்று காதைப் பிளக்கும், அடுத்தது முணுமுணுக்கும். கேட்கிறவரின் கை வொலியூம் பக்கம் போகாமல் பார்ப்பதுதான் தொகுக்கிறவரின் வேலையில் முக்கால்வாசி.

தேவையானவை அதிகமில்லை. ஒரு லப்ரொப், இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிற்றி மென்பொருள், வயர் உள்ள ஹெட்போன், ஒரு பென்ட்ரைவ். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அது ஒலியை இன்னொருமுறை சுருக்கித்தான் காதுக்குத் தரும். பிழை பாட்டிலா ஹெட்போனிலா என்று தெரியாது.

1. நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இறுவட்டில் 80 நிமிடம் கொள்ளும். அதற்காக 80 நிமிடத்தையும் நிரப்பாதீர்கள். டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ற்) போட்ட கிற்றாரைத் தொடர்ந்து கேட்டால் காது களைத்துவிடும். 10 முதல் 12 பாட்டு, 40 முதல் 48 நிமிடம் நல்ல அளவு. வவுனியாவில் பஸ் ஏறிப் போட்டால் மாங்குளத்தை அண்டும்போது ஒரு சுற்று முடிய வேண்டும். ஏ9 வீதியில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

“கேட்டனாங்கள், ஓம் எண்டவங்கள்” என்பது அனுமதி ஆகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு தாளில் பாட்டின் பெயர், வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், வாசித்தவர்கள், இறுவட்டுக்கு மட்டுமா இணையத்துக்குமா, எத்தனை பிரதி, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்று எழுதி, பாட்டை ஆக்கிய எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பாடகர் ஒருவரின் கையெழுத்து போதாது. குழு உடைந்து, கிற்றார்காரர் கனடா போன பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

வேறொருவருடைய பாட்டைத் திரும்ப வாசித்த பதிவு என்றால், மூலப் பாட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும். முதல் தொகுப்பில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

3. கோப்புகளை வாங்கும்போதே சோதியுங்கள்

குழுக்களிடம் கேட்க வேண்டியது 24 பிற் வேவ், அதாவது ஒலியைச் சுருக்காத கோப்பு. கடைசியில் உச்சிகளை அடக்கிச் சத்தம் கூட்டும் லிமிற்றர் போடாதது. வட்ஸ்அப்பில் ஓடியோவாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடலாம். அதே செயலியில் ‘டொக்கியுமென்ற்’ என்று அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். இந்த ஒரு வரியை எல்லாக் குழுவுக்கும் முதலே அனுப்பிவிடுங்கள்.

பெயர் வேவ் என்றிருந்தாலும் உள்ளே பழைய எம்பி3 இருக்கலாம். எம்பி3யை வேவாக மாற்றினால் அளவு கூடும், போன ஒலி திரும்பாது. ஓடாசிற்றியில் பாட்டைத் திறந்து, ட்ராக்கின் மெனுவில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ற்ரோகிராம் காட்சிக்கு மாறுங்கள். 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் 128 கிலோபிற் எம்பி3யில் இருந்து வந்தது. இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கிற்றார் அம்பிளிஃபையரின் ஸ்பீக்கரே 5, 6 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அதிகம் தராது. ஆகவே கிற்றார் தனியாக வாசிக்கும் இடத்தைப் பார்த்து “வெட்டுப்பட்டுவிட்டது” என்று முடிவு கட்டாதீர்கள். ட்ரம்ஸின் சிம்பல் அடிபடும் இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது உச்சி வெட்டு. ‘வியூ’ மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டச் சொன்னால் 0 டெசிபெல்லை (பதிவு தாங்கும் உச்ச எல்லை) தொட்ட இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். டிஸ்டோர்ஷன் கிற்றாரின் அலை இயல்பாகவே தட்டையாக, செங்கல் அடுக்கியது மாதிரித்தான் இருக்கும், அது பிழையில்லை. சிவப்புக் கோடு அடர்ந்திருந்தால்தான் பிழை. அதை உங்களால் திருத்த முடியாது. குழுவிடம் மீண்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

வீடியோவில் இருந்து பிரித்த ஒலி பெரும்பாலும் 48 கிலோஹேர்ட்ஸ். இறுவட்டு 44.1 கிலோஹேர்ட்ஸ். முறையாக மாற்றினால் சிக்கலில்லை. மாற்றாமல் 44.1 என்று பெயரை மட்டும் ஒட்டிவிட்டால் பாட்டு 8 வீதம் மெதுவாகி, சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் செமிடோன் இறங்கிவிடும். பாடகருக்குத் தடிமன் பிடித்ததுபோல் கேட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

4. உறுமலை எடுப்பது

வீட்டில் பதிந்த கிற்றாரில் “ம்ம்ம்” என்று ஓர் உறுமல் கிடக்கும். இங்கே கரண்ட் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) உள்ள கிற்றார் அதை அன்ரெனா மாதிரிப் பிடித்துக்கொள்ளும். டிஸ்டோர்ஷன் போட்டால் அதுவும் சேர்ந்து பெருகும். எர்த் சரியில்லாத பிளக் என்றால் இன்னும் மோசம்.

உடனே 50 ஹேர்ட்ஸில் ஒரு நொச் ஃபில்ரர் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்குவது) போட்டு வெட்டத்தான் கை போகும். நிறுத்துங்கள். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டை, அதாவது கீழ் ஜி சுரம், 49 ஹேர்ட்ஸ். முழுக் கலவையில் 50ஐ வெட்டினால் அந்தச் சுரம் வரும் இடமெல்லாம் பேஸ் காணாமல் போய்விடும். மற்றச் சுரங்களில் இருக்கும். பல்லு விழுந்த வாய்போல் பாட்டு ஓட்டையாகக் கேட்கும்.

சரியான வழி, கிற்றார் ட்ராக்கைத் தனியாக வாங்குவது. கிற்றாரின் தடித்த கம்பி வழமையான சுருதியில் 82 ஹேர்ட்ஸ், டி வரை இறக்கினாலும் 73. ஆகவே கிற்றார் ட்ராக்கில் மட்டும் 70 ஹேர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்ரர் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைப்பது) போட்டால் உறுமலின் அடி பெரிதும் குறையும், இசைக்குப் பெரிய சேதம் இல்லை. 100, 150 ஹேர்ட்ஸில் அதன் பேரப்பிள்ளைகள் (இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகள்) மிஞ்சும். ஜெனரேற்றரில் பதிந்தது என்றால் உறுமல் 50இல் நில்லாது, லோட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒடுங்கிய ஃபில்ரர் அதைப் பிடிக்காது.

தனி ட்ராக் கிடைக்காவிட்டால், பாட்டு தொடங்குமுன் உறுமல் மட்டும் கேட்கும் ஒரு செக்கனைத் தெரிவு செய்து ‘நொய்ஸ் றிடக்ஷன்’ எஃபெக்றுக்கு மாதிரியாகக் கொடுங்கள். 6 டெசிபெல் போதும். 12, 18 என்று கூட்டினால் சிம்பல் தண்ணிக்குள் அடித்ததுபோல் குளுகுளுக்கும். உண்மையில் முழுக் குழுவும் வாசிக்கும்போது உறுமல் யாருக்கும் கேட்பதில்லை. தொடக்கத்திலும் முடிவிலும்தான் கேட்கும். அந்த இரண்டு இடத்தையும் இறுக்கமாக வெட்டி ஃபேட் (மெல்ல ஏற்றி இறக்குவது) கொடுத்தாலே பாதிப் பாட்டுகள் சரியாகிவிடும்.

5. சத்தத்தைச் சமப்படுத்துவது

இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். பலர் செய்யும் பிழை, எல்லாப் பாட்டின் உச்சியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. சுத்தமான கிற்றாரும் ட்ரம்ஸும் உள்ள பாட்டில் ட்ரம்ஸ் அடி மட்டும் கூராக எழும்பி நிற்கும், மற்றதெல்லாம் தாழ்வாக இருக்கும். டிஸ்டோர்ஷன் பாட்டு மேலே நிரம்பி இருக்கும். இரண்டுக்கும் உச்சி ஒன்றேயானாலும் காதுக்கு 6, 7 டெசிபெல் வித்தியாசம் தெரியலாம். அளக்க வேண்டியது லஃப்ஸ். காது உணரும் சத்தத்தின் அலகு அது.

ஓடாசிற்றியில் செய்யும் விதம்: பன்னிரண்டு பாட்டையும் ஒரே புரொஜெக்றில் தனித்தனி ட்ராக்காக இறக்குங்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்து, ‘எஃபெக்ற்’ மெனுவில் ‘லவுட்னஸ் நோர்மலைசேஷன்’ எடுங்கள். பெட்டியில் மைனஸ் 23 என்று கிடந்தால் அது ஒளிபரப்புக்கான அளவு. மைனஸ் 14 என்று மாற்றுங்கள். ஸ்பொற்றிஃபை பாட்டுகளை ஒலிக்கும் அளவும் அதுதான். மோனோவை (ஒற்றைத் தட ஒலி) இரட்டை மோனோவாக எடுக்கும் பெட்டியில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் போனில் பதிந்த மோனோப் பாட்டு 3 டெசிபெல் பிசகிவிடும்.

முடிந்ததும் உச்சிகளைப் பாருங்கள். ஏதாவது பாட்டு 0வைத் தாண்டினால் பின்வாங்கி, எல்லாவற்றையும் மைனஸ் 16க்குச் செய்யுங்கள். ஒன்றிரண்டு ட்ரம்ஸ் அடி மட்டும் தாண்டினால் லிமிற்றரை மைனஸ் 1 டெசிபெல்லில் வைத்துப் பிடிக்கலாம். அந்த 1 டெசிபெல் இடைவெளி வீண் இல்லை. எம்பி3 ஆக்கும்போது உச்சிகள் கொஞ்சம் எழும்பும், அதற்கு இடம் வேண்டும்.

எண் சமனானபின் காதுக்கு வேலை. தனிக் கிற்றாரும் குரலும் உள்ள மெதுவான பாட்டு, அதே மைனஸ் 14இல் பக்கத்து றொக் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கும்; பாடகர் காதுக்குள் வந்து நிற்பார். அதை 2 டெசிபெல் குறையுங்கள். குரலைக் குரலோடு ஒப்பிடுங்கள், கிற்றாரைக் கிற்றாரோடு அல்ல. சில பாட்டு மந்தமாகவோ கீச்சென்றோ இருந்தால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ற்) 300 ஹேர்ட்ஸ் பக்கமும் 3 கிலோஹேர்ட்ஸ் பக்கமும் அகலமாக, 2 டெசிபெல்லுக்கு மேற்படாமல் தொடலாம். அதற்கு மேல் தேவைப்படுகிற பாட்டு திரும்பக் கலக்கப்பட வேண்டியது.

6. வரிசை

பாட்டுப் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் சுருதி, வேகம், எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று குறியுங்கள். முதல் பாட்டின் கிற்றார் 10 செக்கனுக்குள் வந்துவிட வேண்டும். ஒரே குழுவின் இரண்டு பாட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அரைச் சுரம் இறக்கிய கிற்றாருக்கு அடுத்து வழமையான சுருதி வந்தால் சில வேளை பிழையாக வாசிப்பதுபோல் உறுத்தும். நடுவில் ட்ரம்ஸில் தொடங்கும் பாட்டு ஒன்றைச் செருகுங்கள். இடைவெளியை எல்லாவற்றுக்கும் 2 செக்கன் என்று விட்டுவிடாமல், அதிரடியாக முடிவதற்குப் பின் 1 செக்கன், மெதுவாக அடங்குவதற்குப் பின் 3 செக்கன் என்று காதால் வையுங்கள். ஒரு பாட்டின் கடைசி 20 செக்கனையும் அடுத்ததின் முதல் 20 செக்கனையும் மட்டும் கேட்டுக்கொண்டு போனால் அரை மணித்தியாலத்தில் முடிவாகும்.

7. பென்ட்ரைவும் இறுவட்டும்

முதலில் எல்லாவற்றையும் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் வேவாக வெளியே எடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற் வரும். இதுதான் மூலப்பிரதி, எம்பி3யை இதிலிருந்துதான் ஆக்க வேண்டும், 320 கிலோபிற்றில்.

மினிபஸ், ஓட்டோவில் உள்ள பல பிளேயர்கள் பெயர் வரிசையைப் பாராமல், கொப்பி பண்ணிய வரிசையில்தான் பாடும். பென்ட்ரைவை ஃபற்32இல் ஃபோமற் பண்ணி, 01, 02 என்று எண் போட்ட கோப்புகளை ஒவ்வொன்றாக, வரிசையாகக் கொப்பி பண்ணுங்கள். தமிழில் வைத்த பெயர் சின்னத் திரையில் வெறும் பெட்டியாகத் தெரியலாம். கோப்பின் பெயரையாவது ஆங்கில எழுத்தில் வையுங்கள். விவரங்களில் ‘அல்பம் ஆர்ட்டிஸ்ற்’ என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் “பல்வேறு குழுக்கள்” என்று ஒரே சொல்லைப் போடுங்கள். அது வெறுமையாக இருந்தால் போன் உங்கள் தொகுப்பை ஆறு அல்பமாகப் பிரித்துக் காட்டும்.

இறுவட்டை இப்போது யார் கேட்கிறார்கள் என்று கேட்பீர்கள். வெளியீட்டு விழாவில் பிரதம விருந்தினர் கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே! 50 பிரதி போதும். தரவுத் தட்டாக அல்லாமல் ‘ஓடியோ சீடி’யாக, டிஸ்க்-அற்-வன்ஸ் (முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும்) முறையில், 8 அல்லது 16 வேகத்தில் றைற் பண்ணுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் தானே 2 செக்கன் இடைவெளியைச் சேர்த்து நீங்கள் வைத்த இடைவெளியைக் குழப்பிவிடும். தட்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் பசை இளகி, தட்டு பிளேயருக்குள் சிக்கும்.

உறைக்குள் 24க்கு 12 சென்ரிமீற்றர் தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். யார் எதை வாசித்தார், எங்கே, எப்போது பதிந்தது, கிற்றார் எந்தச் சுருதி என்பதெல்லாம் அதில் வரட்டும். அச்சகத்துக்கு யூனிகோட்டில் கொடுத்த எழுத்தைப் பாமினி எழுத்துருவில் ஒட்டினால் பெயர்கள் எல்லாம் குழம்பிவிடும். பீடிஎஃப் ஆகக் கொடுங்கள், அச்சுக்கு முன் ஒவ்வொரு பெயரையும் அந்தந்தக் குழுவுக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

50 பிரதியும் அடிக்குமுன் ஒன்றை மட்டும் அடித்து, ஒரு ஓட்டோவிலும் ஒரு வீட்டு ரேடியோ செற்றிலும் முழுக்க ஓடவிடுங்கள். எந்தப் பாட்டில் கை வொலியூமுக்குப் போகிறதோ அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள்.